சோறு தொடுகறியாகும்போது

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவர்கள் என் எதிரே உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு சாப்பிடலாம்?" அளவைப் பற்றி அவர்கள் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. முதல் சில மாதங்களுக்கு அதை இரைப்பையே பார்த்துக்கொள்ளும். உள்ளே போகும் அந்தக் கொஞ்சத்தில் எதற்கு முதலிடம் என்பதுதான் பெரிய கேள்வி. நம் இலையில் சோறு நடுவில் உட்கார்ந்திருக்கும்; மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. சிகிச்சைக்குப் பிறகு இது தலைகீழாக வேண்டும். முட்டையும் மீனும் பருப்பும் பன்னீரும்தான் சாப்பாடு, சோறு அதற்குத் தொடுகறி. வெட்டித் தைப்பது ஒன்றிரண்டு மணி நேர வேலை. இலையை மாற்றிப் போட ஒரு வருடமாவது பிடிக்கிறது. அதுவும் நோயாளி ஒருவரால் ஆகிற காரியமில்லை, வீட்டு அடுப்படியே சேர்ந்து மாற வேண்டும். உணவு ஆலோசகராக நான் பார்த்துவரும் அந்த ஒரு வருடத்தை வரிசையாகச் சொல்கிறேன். வாரக் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். உங்கள் மருத்துவர் கொடுத்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அந்தத் தாள் சொல்வதுதான் சரி.

முதலில் வயிற்றுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். இன்று அதிகமாகச் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல வளைந்த ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். 100 முதல் 150 மில்லி வரை கொள்ளும். இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல் நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலின் கொஞ்சம் தள்ளிய பகுதியில் நேராக இணைத்துவிடுவார்கள். மிச்ச இரைப்பையும் சிறுகுடலின் தொடக்கமும் உடம்புக்குள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. பைபாஸ் 1960களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் தொடங்கி வைத்தது. ஸ்லீவ் அதற்கு வெகுகாலம் பிந்தியது. மிக அதிக எடை உள்ளவர்களுக்கு ஒரு பெரிய அறுவையை இரண்டு தவணையாகச் செய்தபோது, முதல் தவணையிலேயே எடை நன்றாக இறங்கியதைப் பார்த்துத் தனிச் சிகிச்சையாக்கிவிட்டார்கள்.

ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படும் மேல்வளைவில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. அந்த இடமே போய்விடுவதால் பலருக்கு முதல் மாதங்களில் பசி என்பதே இருக்காது. வாழ்நாள் முழுக்கப் பசியோடு மல்லுக்கு நின்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி. எனக்கு இதுதான் பயம். பசிக்காதவர் சாப்பிட மறப்பார், குடிக்கவும் மறப்பார்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரத்திலிருந்தே உணவு முறை தொடங்கிவிடுகிறது. மாவுச்சத்தும் கொழுப்பும் குறைத்த, கலோரி குறைந்த உணவு. பல இடங்களில் பாதிக்குமேல் திரவமாகவே கொடுப்போம். இந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது வீங்கியிருக்கும். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேலேயே படுத்திருப்பதால், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அடியில் வேலை செய்ய வேண்டும். இரண்டு வாரம் வாயைக் கட்டினால் கல்லீரல் சுருங்கி இடம் கொடுக்கும். ஆனால் இந்த இரண்டு வாரத்தில்தான் வீட்டில் விடைகொடுப்பு விருந்துகள் நடக்கும். "இனிமே பிரியாணி சாப்பிட முடியாதாமே, இன்னைக்கு ஒரு நாள்..." என்று அத்தை வீட்டில் ஒன்று, சித்தி வீட்டில் ஒன்று. பிரியாணி எங்கும் போய்விடாது. ஆறு மாதம் கழித்து நாலு வாய் அவர்களே சாப்பிடுவார்கள்.

அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்க வைப்பார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் அந்த அவசரம். மருத்துவர் சம்மதித்த பிறகு முதலில் தண்ணீர். குடிப்பதுகூட இல்லை, நனைப்பது என்றே சொல்லலாம். மருந்து பாட்டிலோடு வருமே, அதைப் போன்ற 30 மில்லி கொள்ளும் சிறிய பிளாஸ்டிக் மூடியில் ஊற்றிக் கையில் கொடுப்போம். அதைக் கால் மணி நேரத்தில் வாய் வாயாக முடிக்க வேண்டும். அண்ணாந்து கடகடவென்று குடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய சோதனை. வாய் வைத்துக் குடிப்பது எச்சில் என்று வளர்ந்த வீடுகளில் பெரியவர்கள் இந்த மூடியையும் அண்ணாந்தே கவிழ்த்துவிடுவார்கள். அண்ணாந்தால் தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும், அந்தச் சின்னக் குழாயில் காற்று நின்றால் நெஞ்சைப் பிடிக்கும். எனவே உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும், ஸ்ட்ராவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் இந்த மூடிதான் கடிகாரம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்றால் 50 மூடி. கால் மணிக்கு ஒன்று வீதம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அதே வேலை. முதல் மாதத்தில் திரும்ப மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆவதற்கு அடிக்கடி காரணமாவது நீர்ச்சத்து குறைவுதான். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் மூடிக் கணக்கு தவறிவிட்டது என்று பொருள்.

முதல் இரண்டு வாரம் முழுக்கத் திரவம். ஓரிரு நாள் தெளிந்த திரவம் மட்டும்: தண்ணீர், வடிகட்டிய காய்கறி சூப், காரமில்லாத ரசத் தெளிவு. பிறகு பால் சேர்ந்தவை. நம் சமையலறைக்கு இந்தக் கட்டம் புதிதில்லை. காய்ச்சல்காரருக்குச் செய்து கொடுக்கும் எல்லாமே இங்கே உதவும்: பருப்பு வேகவைத்த தண்ணீர், கடைந்து வெண்ணெய் எடுத்த மோர், எலும்பு சூப்பின் கொழுப்பு நீக்கிய தெளிவு, நீர்க்கக் காய்ச்சிய ராகிக் கஞ்சி. ஆனால் காய்ச்சல்காரருக்கு ஒரு வாரம் கஞ்சி போதும், மேலே தேற்றிவிடலாம். இவருக்கோ உள்ளே நீளமான தையல் ஆறிக்கொண்டிருக்கிறது, எடையும் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. புரதம் போதவில்லை என்றால் உடம்பு தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. பருப்புத் தண்ணீரில் அது தேறவே தேறாது. பருப்பின் மணம்தான் அதில் அதிகம். எனவே புரதப் பொடி தவிர்க்க முடியாதது. கொழுப்பு நீக்கிய பாலிலோ மோரிலோ கலந்து, நுரை அடங்கிய பிறகு குடிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் மால்ட் பானங்களை இதற்குப் பதிலாக வாங்கி வைத்துவிடுகிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சர்க்கரைதான் முன்வரிசையில் இருக்கும். பொடி வாங்கும்போது ஒரு கரண்டிக்கு 20 கிராமுக்குக் குறையாத புரதம், சர்க்கரை மிகக் குறைவு, இவ்வளவு பார்த்தால் போதும்.

இந்த நாட்களில் எது சாதாரணம், எது ஆபத்து என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சோர்வு, வாயு, தோள்பட்டையில் லேசான வலி சகஜம். நாடித்துடிப்பு ஓய்வில் இருக்கும்போதே 120க்கு மேல் ஓடுவது, காய்ச்சல், வயிற்று வலி ஏறிக்கொண்டே போவது, இடது தோளில் விடாத வலி, மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தையலிலிருந்து கசிவு என்பது அரிதுதான், ஆனால் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆன பிறகும் வரக்கூடியது. "வாயுவாத்தான் இருக்கும், கொஞ்சம் ஓமத் தண்ணி குடி" என்பது இந்த ஒரு மாதத்துக்கு எங்கள் அகராதியில் கிடையாது.

மூன்றாம் வாரத்தில் மிக்ஸிக்கு வேலை வருகிறது. குழைய வேகவைத்துக் கட்டியில்லாமல் அரைத்தது, கரண்டியிலிருந்து மெதுவாக வழிகிற பதம். பாசிப்பருப்பும் ஒரு பங்கு காயும் சேர்ந்த மசியல், பன்னீரைப் பாலில் அரைத்தது, ஆவியில் வேகவைத்த மீனை முள் பார்த்து மோர் சேர்த்து மசித்தது, அரைவேக்காடு இல்லாமல் முழுதாக வெந்த முட்டையை நொறுக்கியது. ஒரு வேளைக்கு நாலைந்து மேசைக்கரண்டி. ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை. இந்தக் கட்டத்தில் எல்லாரும் கேட்பது இட்லி. மிருதுவானது, பச்சைக் குழந்தைக்கே கொடுக்கிறோம், இதில் என்ன தப்பு என்பார்கள். தப்பொன்றுமில்லை. ஆனால் ஓர் இட்லியில் இருக்கும் புரதம் சுமார் 2 கிராம். அது நிரப்பிவிடும் இடமோ அந்த வேளைக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிக்கும் மேல். எளிதில் இறங்குகிற ஒன்று, அதனாலேயே நல்லதென்று ஆகிவிடாது. இந்த ஒரு வாக்கியத்தை வருடம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது வாரம் வாக்கில் அரைப்பதை நிறுத்தி, முள்கரண்டியால் அழுத்தினால் மசிகிற உணவுக்கு வருகிறோம். மெல்லுவது இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் என்னிடம் வரும்போது சாப்பாட்டை டப்பாவில் எடுத்து வரச் சொல்வேன். எழுதிக் கொடுத்தது ஒன்றாக இருக்கும், தட்டில் நடப்பது வேறாக இருக்கும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு மருமகளும் மாமியாரும் வந்தார்கள். டப்பாவின் கீழ்த்தட்டில் ஒரு முட்டை, மேல்தட்டில் சாம்பாரில் ஊறிய இரண்டு இட்லி. மருமகள் முதலில் இட்லியைத்தான் பிட்டார். முட்டைக்கு மாறச் சொன்னேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, வாயில் போட்டு இருபது இருபத்தைந்து தடவை மென்று, கரண்டியைக் கீழே வைத்து, ஒரு நிமிடம் பேசிவிட்டு அடுத்தது. முதல் ஐந்து துண்டு ஒழுங்காகப் போனது. பிறகு பழைய கை பழைய வேகத்துக்குப் போனது. பெரிய துண்டாக ஒன்று. சட்டென்று மூக்கில் நீர் வடிந்து இரண்டு தும்மல் வந்தது. சிலருக்கு வயிறு நிறைந்ததன் அடையாளமே இதுதான். சிலருக்கு விக்கல், சிலருக்கு நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம். அதோடு நிறுத்திவிட வேண்டும், வாயில் இருப்பதைத் துப்பினாலும் பரவாயில்லை. முக்கால் முட்டை உள்ளே போயிருந்தது. மாமியாருக்கு மனசு ஆறவில்லை.

"ஏனுங்க அம்மிணி, பச்சப்புள்ள திங்கறதக்கூட இவ திங்கறதில்லீங்க. இது ஒடம்புக்குத் தாங்குங்களா?"

"தாங்குமுங்க அம்மா. முட்டை முழுசாப் போனா தாங்கும். இட்லி போனாத்தான் தாங்காது."

"ரெண்டு நாளாப் போதும் போதும்னு சொல்லிட்டே இருக்கேனுங்கத்தை," என்றார் மருமகள்.

அந்த அம்மா அடுத்த முறை வந்தபோது டப்பாவில் இட்லி இல்லை; கோழியைக் கொத்திப் பருப்போடு குழைய வேகவைத்துக் கொண்டுவந்திருந்தார். எனக்குத் தெரியாத பக்குவம். இப்போது மற்றவர்களுக்கு அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

மென்மையான உணவுக் கட்டத்தில் சிக்கிக்கொள்ளும் பண்டங்கள் சில உண்டு. ஆறிப்போன சோறு உருண்டையாகி நிற்கும். சப்பாத்தி, பிரெட், பரோட்டா மூன்றும் வாயில் மென்ற பிறகும் பிசினாகவே இறங்கும். வறண்ட கோழி நெஞ்சுக்கறி, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு நார், ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டியவை. சிக்கினால் நெஞ்சு இறுகும், வாயில் வழவழவென்று எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், கடைசியில் நுரையாக வெளியே வரும். அப்போது கை தானாகத் தண்ணீர்ச் சொம்புக்குப் போகும். வேண்டாம். அடைபட்ட இடத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் வலி இன்னும் கூடும். எழுந்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். மணிக்கணக்கில் எச்சில்கூட இறங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

தண்ணீர் பற்றி இன்னொன்று. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். இடம் சிறியது, தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டால் புரதத்துக்கு இடமில்லை. மென்றதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு வேகமாக இறக்கிவிட்டால் வயிறு நிறைந்த உணர்வும் சீக்கிரம் போய்விடும். குழம்பில் பிசைந்து, ரசத்தில் கரைத்து, மோரில் முடிக்கும் நம் சாப்பாட்டில் பாதி தண்ணீர்தான். ரசச் சோறு விறுவிறுவென்று இறங்கும். நோயாளிகளுக்கு அதனால்தான் அது பிடிக்கிறது, எனக்கு அதனால்தான் பிடிப்பதில்லை. ரசம் வேண்டுமென்றால் பதினோரு மணிக்குத் தனியாக ஒரு கிளாஸ் குடிக்கட்டும்.

இரண்டு மாதம் முடியும்போது வழக்கமான உணவுக்கு வந்துவிடலாம். ஒரு வேளைக்கு முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை கொள்ளும், இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். இலை தலைகீழாவது இங்கே. தட்டில் முதலில் புரதம், அது முடிந்த பிறகு காய், அப்புறமும் இடம் இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி சோறு. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு சுலபம். சமைத்த கோழி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல் புரதம், மீனில் 20 கிராம் வாக்கில், ஒரு முட்டையில் 6. சைவக்காரர்கள்தான் திண்டாடுவார்கள். ஒரு சைவ நாளை இப்படிக் கட்டலாம்: காலையில் 50 கிராம் பன்னீரைப் பொரியல் மாதிரி உதிர்த்து வதக்கியது, கூடவே சின்னதாக ஒரு பெசரட்டு, இரண்டுமாக 13 கிராம். இடையில் ஒரு கிளாஸ் பாலில் புரதப் பொடி, 25 முதல் 30. மதியம் கெட்டிப் பருப்பு அரை கப், ஊறவைத்துப் பிழிந்து மசாலாவில் புரட்டிய சோயா உருண்டைகள் கொஞ்சம், 12. மாலையில் நன்றாக வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் அரை கப், 6. இரவில் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர். அறுபதைத் தாண்டிவிடும். இதில் சோறு எங்கே என்று கேட்பார்கள். பருப்புக்கு ஓரமாக, தொட்டுக்கொள்ள.

பாயசம் வேறு கதை. முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, ஓரளவு ஸ்லீவ் செய்தவர்களுக்கும். சர்க்கரை நிறைந்த பண்டம் வழக்கமான தாமதமில்லாமல் நேராகச் சிறுகுடலில் போய்க் கொட்டும்போது குடல் தன்னைச் சுற்றியிருக்கும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்து இருபது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி, எங்காவது படுத்தால் போதும் என்ற கிறக்கம். மருத்துவர்கள் இதை டம்பிங் என்பார்கள். இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். ஏறிய சர்க்கரையைப் பார்த்து உடம்பு இன்சுலினை அள்ளி விட, சர்க்கரை அளவு தேவைக்கும் கீழே போய்விடும். கை நடுங்கும், கண் இருளும். பாயசம் குடித்துவிட்டுத் தனியாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகை ஆபத்தானது. திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு அதிரசம் சாப்பிட்டு ஒரு முறை டம்பிங் வந்தவர் அடுத்த தீபாவளிக்கு அதிரசத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சொல்லி நடக்காதது அதிரசம் சொல்லி நடக்கிறது.

மாத்திரைகளுக்கு வருகிறேன். எடை இறங்கி, உடம்பு லேசாகி, எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும் நேரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான். சத்து மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. பல சத்துகள் சேர்ந்த மல்டிவைட்டமின் மாத்திரை ஒன்று. கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை. உடம்பு ஒரே நேரத்தில் 500, 600க்கு மேல் எடுத்துக்கொள்ளாது என்பதால் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. கால்சியம் சிட்ரேட்தான் நல்லது. கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் வேண்டும், அந்த அமிலமே இப்போது குறைவு. இரும்புச்சத்து கால்சியத்தோடு சேர்ந்தால் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காபி, டீயோடும் இரும்பு ஒத்துப்போகாது. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு கூடுதலாகவே தேவைப்படும். பி12 வைட்டமின் மாத்திரையாகவோ மாதம் ஒரு ஊசியாகவோ. வைட்டமின் டி தனியாக. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருட முடிவு, அதன்பின் வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த மருந்துகளும் மாறும். எடை கணிசமாக இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே ரத்தச் சர்க்கரை குறையத் தொடங்கிவிடுவது இந்தச் சிகிச்சையின் வியப்புகளில் ஒன்று. பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் தொடர்ந்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதி. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள், முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, தையல் இடத்தில் புண் உண்டாக்கும். வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு உண்டு என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு மருந்து கொடுப்பார்கள். அதையும் நடுவில் நிறுத்தக் கூடாது.

வாந்தி பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வேகமாகச் சாப்பிட்டு வாந்தி எடுப்பது வேறு, நாள்கணக்கில் எதுவும் தங்காமல் வருவது வேறு. உடம்பில் தையமின் என்ற பி1 வைட்டமினின் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். விடாத வாந்தியில் அது தீர்ந்துவிட்டால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இந்த நிலையில் பக்கத்துத் தெரு கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்று படுத்துவிடுவார்கள். தையமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் இருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகும். எந்த மருத்துவரிடம் போனாலும் வாய் திறந்து முதலில் சொல்ல வேண்டியது, "எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்பதுதான்.

மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி கொட்டும். சீப்பில் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்து அழுதுகொண்டே போன் செய்வார்கள். பெரிய அறுவைக்கும் வேகமான எடை இழப்புக்கும் உடம்பு காட்டும் எதிர்வினை அது. முடியின் வேர் போகவில்லை, பெரும்பாலும் அடுத்த சில மாதங்களில் திரும்ப வளரும். புரதமும் இரும்பும் போதாவிட்டால் நீளும். இதற்கென்று விற்கும் எண்ணெய்களால் என் அனுபவத்தில் தலையணை உறை மட்டும்தான் மணக்கிறது. எடை முள் ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாரம் நிற்பதும் இந்த மாதங்களில் வரும். சிலருக்கு மூன்றாவது வாரத்திலேயே வந்துவிடும். தினமும் எடை பார்க்காதீர்கள், வாரம் ஒரு முறை போதும் என்று சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை.

கல்யாணப் பந்தி இந்த மாதங்களின் பெரிய பரீட்சை. இலையில் வைத்ததை மிச்சம் வைப்பது அவமரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். இலையைக் கையால் மறைத்தால் பரிமாறுகிறவர்கள் கை மேலேயே ஊற்றுவார்கள். என்னிடம் வருகிறவர்கள் கண்டுபிடித்த வழிகள் என்னுடையதைவிட நல்லவை. ஒருவர் கடைசிப் பந்தியில் பரிமாறும் பக்கம் நின்றுவிடுவார். இன்னொருவர் பிள்ளையை மடியில் வைத்து ஒரே இலையில் இருவரும். "சுகர் இருக்குங்க" என்று சொன்னால் தமிழ்நாட்டில் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை என்பதை இன்னொரு அம்மா கண்டுபிடித்திருந்தார். பந்தியைவிடக் கடினம் அதன் பிறகு வரும் பேச்சு. முகம் ஒட்டிப்போச்சே, உடம்புக்கு ஏதாவது பெரிய வியாதியா என்பார்கள். பத்து வருடமாக உடம்பைக் குறை என்று சொன்ன அதே வாய்கள்தான்.

ஆறாம் மாதத்துக்கு மேல், சிலருக்கு வருட முடிவில், பசி திரும்ப எட்டிப் பார்க்கும். எடை இறங்குவது பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதத்தில் நின்றுவிடும். அதற்குள் புதிய இலை பழகியிருக்க வேண்டும். எடை திரும்ப ஏறியவர்களின் சாப்பாட்டைக் கேட்டால் மூன்று வேளையும் ஒழுங்காகவே இருக்கும். இடையில்தான் விஷயம். மிக்ஸர், முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம்: வாயில் கரைந்து, குழாயில் தங்காமல் நழுவிப் போகும் பண்டங்கள். தட்டுச் சோற்றைத் தடுக்கும் சின்ன இரைப்பை, டிவி பார்த்துக்கொண்டே மணிக்கு ஒரு கைப்பிடி என்று போகும் மிக்ஸரைத் தடுக்காது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான். நடைப்பயிற்சி முதல் நாளிலிருந்தே உண்டு. காயம் ஆறி மருத்துவர் அனுமதித்த பிறகு எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும் எடையில் தசையின் பங்கு அதிகமாகிவிடும். நடுத்தர வயதுப் பெண்கள் டம்பெல்ஸைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டில் தொடங்கலாம்.

மது பற்றி ஆண்கள் கடைசியில், கதவருகே போய் நின்றுகொண்டு கேட்பார்கள். குடித்தது வேகமாக ரத்தத்தில் ஏறும், முன்பு மூன்றில் வந்தது இப்போது ஒன்றிலேயே வரும், இறங்க நேரமாகும். சாப்பாட்டில் கிடைத்த சுகம் போன இடத்தில் குடி வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. வேண்டாம் என்பதுதான் என் பதில்.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது நின்றுபோயிருந்த மாதவிடாய் பலருக்குத் திரும்பி வரும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடவே கூடும். பல வருடம் குழந்தையில்லாமல் இருந்த தம்பதிகள் தடுப்பு எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையை மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் மூன்றின் அளவையும் ரத்தத்தில் பார்த்து மருந்தைத் திருத்துவார்கள். கர்ப்பகாலச் சர்க்கரைக்காகக் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லும் பரிசோதனை இவர்களுக்கு டம்பிங்கைக் கொண்டுவரலாம். அதற்குப் பதிலாக வீட்டிலேயே சில நாள் விரல்நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்துக் குறித்து வரலாமா என்று அந்த மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.